மாட்டின் வாய்க்குள் போன கை

இன்று காலை பசுவந்தனையில் அந்த வாடை மறுபடி அடித்தது. மென்ற சோளத்தட்டையும் எச்சிலும் கலந்து புளித்த வாடை. தொழுவில் ஒரு செவலைப் பசு வாயை மூட முடியாமல் நின்றது. எச்சில் கயிறுபோல் தரைவரை தொங்கியது. பக்கத்தில் மாட்டுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தொண்டையில தட்டை அடைச்சிருக்கு சார். நேத்தும் கைய விட்டுப் பாத்தேன், சிக்கல. இன்னைக்கு எடுத்துருவேன்."

"தள்ளும்வே அங்கிட்டு!" என்று கத்தினேன். என் அப்பா வயது ஆளிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் அவர் கை மாட்டின் வாயருகே போய்விட்டது. கண்முன் நீ நின்றாய்.

நீ இருந்திருந்தால் என்னை ஓரமாகத் தள்ளியிருப்பாய். "ஏலே டாக்டரு, நீ மாட்டுக்கு ஊசி போடு. மனுசன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்." பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நாளிலிருந்து எனக்கும் சேர்த்துப் பேசியவன் நீ.

நாய்களுக்கு ஊசி போட்டு, ரேபிஸ் என்னும் வெறிநோயை உலகம் முழுக்க ஒழிக்க எல்லோரும் கைகோக்க வேண்டும் என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள். அதை ஊருக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "உலகத்தப் பெறவு பாப்போம்லே. மொதல்ல மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே எடத்துக்கு நாயக் கொண்டு வருமா?" என்றாய். ஊர் ஊராக அறிவிப்புச் சொல்லும் உன் மைக் செட் ஆட்டோவை இரண்டு தெருவுக்கும் பொதுவான கண்மாய்க்கரையில் நிறுத்தினாய். நாய்கள் வந்தன. பின்னால் இரண்டு தெருக்காரர்களும் வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து காட்டில் ஆட்டுக்கிடை போடும் ஆட்டுக்காரர்களின் நாய்கள் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. அவற்றுக்கு ஊசி போடக் கரிசல் காட்டுக்குள்ளேயே போனோம். ஊசி போட்டால் நாய் குரைக்காதாமே என்று ஒரு கிடைக்காரர் இழுத்தார். "கொரோனாவுக்கு நீரும்தான் ஊசி போட்டீரு. ஒம்ம வாயி நின்னுச்சாவே?" என்றாய். அவரே சிரித்துக்கொண்டு நாயைப் பிடித்துக் கொடுத்தார்.

எல்லோருக்கும் நாயைப் பற்றித்தான் பயம். உனக்கு அந்தப் பயமும் கிடையாது.

அறுவடை முடிந்து, வீட்டுக்கு வீடு சோளத்தட்டைப் படப்பு உயர்ந்து நின்ற சமயம் அது. நீ என் மருந்தகத்துக்கு வந்தாய்.

"வலது கை குறுகுறுங்குலே. எறும்பு ஊருத மாதிரி. மைக்கப் பிடிச்சுப் பிடிச்சு நரம்பு போச்சோ?"

"நான் மாட்டு டாக்டர்லே. கோவில்பட்டிக்குப் போ."

டீ வந்தது. கிளாசை உதட்டருகே கொண்டுபோனாய். தொண்டை வெட்டி இழுத்தது. டீ சட்டையில் சிந்தியது. மறுபடி முயன்றாய். கை கிளாசைத் தள்ளிவிட்டது. நீ தள்ளவில்லை, கை தள்ளியது.

உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாய் எதும் கடிச்சுதாலே?"

"நம்ம ஊரு நாய்க்கெல்லாம் நாமதானலே ஊசி போட்டோம். அதுக்கெல்லாம் என்னயப் பாத்தாலே பயம்."

"வேற? பூனை? மாடு?"

"பசு ஒண்ணு செத்துச்சு, அது ஆச்சு ரெண்டு மாசம். தொண்டையில தட்டை அடைச்சி. கைய விட்டுத் துழாவினேன், ஒண்ணும் சிக்கல. பல்லுதான் லேசாக் கீறிச்சு."

"எங்கிட்டச் சொல்லலியேலே."

"செத்த மாட்டுக்கு டாக்டர் எதுக்கு? எதுக்குலே இப்படிப் பாக்க?"

அந்தப் பசுவின் தொண்டையில் தட்டை இல்லை. வெறிநோய் வந்த மாட்டுக்கு விழுங்க முடியாது; பார்ப்பவனுக்கு அடைப்பு போலத்தான் தெரியும். எப்போதோ, எங்கிருந்தோ வந்த ஒரு நாய் அதைக் கடித்திருக்கிறது. இதையெல்லாம் நான் உனக்குச் சொல்லவில்லை. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாய். "காத்து தாங்கலலே, மெதுவாப் போ." அந்த நோய்க்குத் தண்ணீரைப் போலக் காற்றும் ஆகாது. நோய் தலைக்கேறிவிட்டால் காப்பாற்ற முடியாது என்பதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அப்படியும் வேகமாகத்தான் ஓட்டினேன்.

இதை இன்று அந்த மாட்டுக்காரரிடமும் அவர் மனைவியிடமும் சொன்னேன். அந்த அம்மாளும் மாட்டின் வாயைப் பிளந்து கஷாயம் ஊற்றியிருக்கிறார். மாட்டுக்காரர் அசையவில்லை. "மாடுதான சார், நாயா கடிச்சிச்சு? காட்டு வேலை கெடக்கு. நாளைக்குப் பாப்போம்."

அந்த அம்மாள்தான் கேட்டார்: "அந்தத் தம்பி இப்ப எப்படி இருக்காவ?"

"செத்துட்டான்."

வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது. உனக்கு வந்திருக்கும். அந்த அம்மாள் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கையை முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். செருப்பை மாட்டினார். "நான் ஊசி போடப் போறேன். அவிய வந்தா வரட்டும்." அவர் பின்னாலேயே மாட்டுக்காரரும் வந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் முதல் ஊசி போட்டாயிற்று.

நீ கூட்டிச் சேர்த்த ஆட்கள் இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். பால் சொசைட்டியும் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. மாடு எச்சில் வடித்தால் தொடாமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. தள்ளியிருக்கும் நாகலாபுரத்திலிருந்துகூடக் கூப்பிடுகிறார்கள். அவர்களையெல்லாம் அசைத்தது என் படிப்பு இல்லை, உன் சாவு. அதை ஒவ்வொரு ஊரிலும் சொல்லும்போது எனக்கு நாக்கு கசக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

போன் அடித்தால் எனக்குப் பயம். அடிக்காத நாள் அதைவிட மோசம். ஏதோ ஒரு தொழுவில் மாட்டின் வாய்க்குள் கைவிட்ட யாரோ, அது செத்ததை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஊசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது; அவருக்கு இன்னும் தண்ணீர் இறங்குகிறது.