நாலாம் பக்கத்தில் இருந்த மலை

நானா,

காலையிலிருந்து கலஹாவில் மழை. மூலையில் சாத்தி வைத்திருக்கும் என் பழைய குடையிலிருந்து ஈரத் துணியும் மண்ணும் கலந்த வாசனை வருகிறது. பிடி கழன்று இரண்டு முறை கம்பி சுற்றியாகிவிட்டது. புதுசு வாங்கச் சொல்லி வீட்டில் தினமும் அர்ச்சனை நடக்கிறது. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பனி இறங்கினால் எனக்கு வருஷங்கள் கலைந்துபோகின்றன. தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கதிரையில் உட்கார்ந்தபடியே கண்டிக்குப் போய்விடுகிறேன். ஜன்னலுக்கு வெளியே குளம், அதன் மேல் மெதுவாக நகரும் மேகம், கம்பனி ஆபீஸின் கோந்து மணம், காதில் நீலப் பென்சிலோடு நீங்கள். நம் இருவருக்கும் ஒரே வயது; ஆனாலும் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி உங்களை நானா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கம்பனியின் பெரிய துரைக்குப் போகும் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற கிளாக்கர் நீங்கள். நான் தோட்டத்துக் கிளாக்கர்.

அன்று நான் ஓர் அறிக்கையோடு வந்திருந்தேன். எங்கள் ஆட்கள் குடியிருக்கும் மூன்றாம் நம்பர் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருந்தது. லயத்தைக் காலி பண்ணக் கண்டியிலிருந்து உத்தரவு வேண்டும். தோட்டத்துத் துரை காய்ச்சலில் படுத்துவிட்டதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இரவு பகல் பாராமல், நல்ல இங்கிலீஷில், நாலு பக்கம் எழுதியிருந்தேன்.

முதல் பக்கத்தைப் படித்தீர்கள். துரையவர்களின் தயாள குணம், இந்த வருஷத்து மழை, கொழுந்தின் செழிப்பு.

"கிளாக்கரையா, மல எங்க ஈக்குது?"

"நாலாம் பக்கத்துல வருதுங்க நானா."

"பெரிய துரை மொதப் பக்கத்தோட சரி. மத்ததெல்லாம் அலுமாரிக்கி."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கண்டியில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் கும்பிடு முதலில், குறை கடைசியில் என்றுதானே எழுதினார்கள்? எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைச் சொன்னால் துரைக்கே உத்தரவு போடுகிற மாதிரி இருக்காதா என்று கேட்டேன்.

"மரியாதைய கையெழுத்துக்கிட்ட வைங்க. அங்க எடம் நெறைய ஈக்குது," என்று சிரித்தீர்கள். "இத வாசிச்சிட்டு துரை என்ன செய்யோணும்?"

"பன்னெண்டு குடும்பத்தையும் பழைய ஸ்டோருக்கு மாத்தச் சொல்லணும்."

"எப்ப?"

"நாளைக்கே."

"வெடிப்பு எவ்வளவு பெரிசு?"

"ரொம்பப் பெரிசுங்க."

"அது ஒங்கட பயம். அளவச் சொல்லுங்க."

அளவு என்னிடம் இல்லை. யோசித்துவிட்டு, "கொடைய உள்ள விட்டுப் பாத்தேன். பிடி மட்டுந்தான் வெளிய நின்னுச்சு," என்றேன்.

உங்கள் சிரிப்பு நின்றது. நீலப் பென்சில் நாலு பக்கத்திலும் குறுக்கே ஓடியது. உங்கள் மேசையிலேயே அரைப் பக்கம் எழுதினேன். முதல் வரியில் பன்னிரண்டு குடும்பம், அடுத்ததில் நாள், அதற்கடுத்ததில் குடை. மரியாதை கையெழுத்துக்கு மேலே. மை காயும் முன்பே அதை எடுத்துக்கொண்டு பெரிய துரையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினீர்கள்.

மறுநாள் பெண்கள் சட்டிபானையோடும் கோழிகளோடும் பனிக்குள் வரிசையாக நடந்து ஸ்டோருக்குப் போனார்கள். அதற்கு நாலாம் நாள், மத்தியானத்தில், மலை இறங்கி வந்து மூன்றாம் நம்பர் லயத்தின் மேல் படுத்துக்கொண்டது. உள்ளே யாரும் இல்லை. இன்றும் அந்த மலை என் கனவில் வருகிறது, சத்தமே இல்லாமல்.

போன ஐப்பசியில் கெலிஓயாவில் இருந்த உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. முதல் பக்கத்தில் மழை, வாசல் கராம்பு மரம், என் பிள்ளைகளின் சுகம். வேலை நேரமாக இருந்தது. மீதியை ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகப் படிக்கலாம் என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலாம் பக்கத்துக்கு வந்தேன். "நெஞ்சு சரியில்ல. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க."

பேராதனை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. உங்கள் ஜனாஸா முந்தின நாளே எடுத்து அடக்கம் செய்தாகிவிட்டது.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஊரார் கடிதத்துக்கெல்லாம் பென்சிலை நீட்டிய மனுஷன், தன் விஷயம் என்று வந்ததும் என்னைப் போலவே எழுதிவிட்டீர்களே! என் மேல் எனக்கு அதைவிடக் கோபம். முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார் என்று பெரிய துரையைக் கேலி செய்த நாமிருவரில் ஒருவனான நானே அப்படி மடித்து வைத்தேன். இப்போது யார் கடிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன்.

இந்த மடலையே பாருங்கள். மழை, குடை, பனி என்று வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: நானா, நீங்கள் கூப்பிட்டபோது நான் வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.