முந்தி வந்த மீன்

அன்பு மகள் லோரீனுக்கு,

சித்தப்பா டெல்பர்ட் ஆற்றங்கரையிலிருந்து எழுதுவது. அந்தப் பாலைவனத்து ஊரில் நீயும் உன் வேலையும் சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பா, தான் நலமாக இருப்பதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இந்த வருஷம்தான் மீன் இல்லையே, அடுத்த வருஷம் முதல் மீன் விருந்துக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். "வரட்டும், பாவம், அவளுக்கு லீவு கிடைக்கணுமில்ல" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சால்மன் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். இதில் என்னைவிடத் தெரிந்தவன் இந்தக் கடற்கரையில் கிடையாது. ஆராய்ச்சிக் கப்பலில் வந்த மார்கிட் அம்மாள்கூட என்னைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டாள். நடுவில் அவளும் ஒன்றிரண்டு சொன்னாள். வசந்தத்தில் வடக்குக் காற்று அடித்தால் அடிக்கடலின் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அதோடு கொழுப்புப் பிடித்த பொடித் தீனியும் பெருகும். ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் சால்மன் குஞ்சுகள் அதைத் தின்று, முதல் சில வாரத்திலேயே மளமளவென்று வளர்ந்துவிட வேண்டும். வளராததைப் பறவையும் பெரிய மீனும் விடாது. போன வருஷம் காற்று ஏமாற்றிவிட்டது. கடல் ஒரே வெந்நீர். கை வைத்துப் பார்த்தேன், கொப்புளமே வந்துவிட்டது. தீனியெல்லாம் சத்தில்லாத சக்கை. அந்தக் குஞ்சுகள்தான் இந்த இலையுதிர்காலத்தில் பெரிய மீனாகத் திரும்பியிருக்க வேண்டும். ஆறு வெறுமையாக ஓடுகிறது. வலையே போடக்கூடாது என்று ஊர்ச்சபை ஆற்றை மூடிவிட்டது. முதல் மீன் சடங்குக்கு மட்டும் ஒரு மீன் பிடிக்கலாம்.

அந்த ஒன்றைப் பிடித்தவன் யார்? உன் சித்தப்பாதான். தண்ணீர் வெடித்தது பார், படகே ஒரு சுற்றுச் சுற்றியது. முதல் மீனைப் பிடித்தவன் அதை உற்றுப் பார்க்கக்கூடாது, அளக்கக்கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே. முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் விட்டு, மேலே ஈரப் பெரணி இலையைப் போட்டு மூடினேன். "திமிங்கிலத்துக்குத் தம்பி வர்றான், நெருப்ப மூட்டுங்க!" என்று படகு ரேடியோவில் ஊருக்கே சொல்லிவிட்டேன்.

ஊரே கரைக்கு வந்துவிட்டது. முதல் மீனை வெட்டுகிறவர் அவர்தானே, உன் அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள், ராஜா மாதிரி. தூக்கியவர்கள் பாரமே தெரியவில்லை என்றார்கள். அவர் இலையை விலக்கினார். உள்ளே முழங்கை நீளம்கூட இல்லாத பொடியன்! பெரியவர்களோடு சேர்ந்து வராமல், ஒரு வருஷம் முந்தியே கடலிலிருந்து திரும்பிவிடுகிற சின்ன ஆண் மீன். ஒரே சிரிப்பு. "டெல்பர்ட்டு, இதென்ன மீனா, தூண்டில்ல மாட்டுற இரையா?" என்று வெர்னா அக்கா கேட்டாள். "ஆளுக்கு ஒரு செதிள் குடுப்பா" என்றான் அவள் புருஷன்.

அண்ணன் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டு அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். "எப்படிக் கொழுத்திருக்கான் பாருடா. இந்த வசந்தத்துல கடலுக்குப் போனவன். கடல் மறுபடியும் சோறு போடுது. இவன்கூடப் போனதெல்லாம் அடுத்த வருஷம் பெருசாகி வரும்" என்றார். வெட்டவில்லை. தொட்டியை ஆற்றில் சாய்க்கச் சொன்னார். அன்றைக்கு எல்லோரும் உருளைக்கிழங்கும் வறுத்த ரொட்டியும் தின்றோம். அவர் ஒரு வாய் காப்பியோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், முதல் மீனை வெட்டும் அந்தச் சிப்பிக் கத்தியை என் கையில் வைத்தார். "அடுத்த வருஷம் நீ வெட்டு. வால் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்காத, மடையா" என்றார். என் திறமை அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கத்தியை என் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அவர் தூங்கியதும் அவருடைய அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

மகளே, அடுத்த வருஷம் மீன் வரும். நான் சொல்லி நடக்காதது உண்டா? மீனுக்காக அப்போது வா. இப்போது, மீன் இல்லாத இந்த வீட்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போ. லீவு தரமாட்டேன் என்றால், சித்தப்பா சாகக் கிடக்கிறார் என்று உன் மேலதிகாரியிடம் சொல். என் பெயரில் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அம்மா. இந்த மாதத்துக்குள் வந்துவிடு.

வழியெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும்.

உன் சித்தப்பா,
டெல்பர்ட்