உனக்காக நிரப்பி வைத்த தண்ணீர்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எழுத ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தங்கைக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே உடைந்துவிடுவேன், அதனால் இதை அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் அதற்குள் சந்தோஷப்படாதே. காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் மோசம் என்று நானே எத்தனை வகுப்பில் கத்தியிருக்கிறேன். வயிற்று வலி, வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவள், இப்போது குட்டியின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். "சும்மா நோண்டாதம்மா, கூசுது" என்று எரிந்து விழுந்தாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

என் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் தெருத் தெருவாகப் போய்ப் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தண்ணீர் டிரம் என்று கொசுப்புழு தேடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. நம் வீட்டுக்கும் வந்தார்கள். கீழே எல்லாம் பார்த்துவிட்டு "டீச்சர், மாடி?" என்றார்கள். அது என் மகன் அறை, பூட்டியிருக்கிறது, வாராவாரம் நானே துடைக்கிறேன், போங்கள் என்று அனுப்பிவிட்டேன். டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது. பிறகு குட்டி படுத்ததும் எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரர் துணி நனைக்கத் தொட்டி வைத்திருக்கிறாரே, அவர் வாசலில் நின்று, உங்களால்தான் என் பிள்ளை கிடக்கிறாள் என்று தெருவே கேட்கக் கத்தினேன். மனிதர் தொட்டியைக் காட்டினார். தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். உங்கள் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்ததுதான் என்றார்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு ஒரு வாளி வேண்டுமென்று அப்பா உன் குளியலறையைத் திறந்திருக்கிறார். இங்கே வந்ததும், "உன் பையனோட டிரம்முல புழு நெளியுது" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் குளிக்கத் தண்ணீர் வேண்டுமே, குழாயில் காலையில் மட்டும்தானே வருகிறது என்று நான்தான் அதை நிரப்பி வைப்பேன். குறையக் குறைய ஊற்றினேனே தவிர, ஒரு நாளாவது கொட்டித் தேய்த்தேனா? முட்டை உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால்தான் போகும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள் செய்த வேலை இது. உன் குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் குட்டி படிக்கிற மேசை. வேறெங்காவது கடித்திருக்கலாம் என்கிறார் டாக்டர். இருக்கலாம், ஆனால் என் மனசு கேட்கவில்லை. கூடத்தில் இடிபட்டுப் படிக்க முடியவில்லை, அண்ணன் அறையைக் கொடு என்று எத்தனை தடவை கேட்டாள். அவன் வந்தால் எங்கே படுப்பான் என்று வாயை அடைத்துவிடுவேன். "ஆள் இல்லாத ரூமுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல" என்றாள் ஒரு நாள். நான் சிரித்துவிட்டேன்.

ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க வேண்டும் என்று தையல்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். "புள்ள எழுந்திரிக்கட்டும் டீச்சர், அப்புறமா சண்டை போட்டுக்கலாம்" என்றார். அடுத்த வகுப்பில் என் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். டிரம்மை அப்பா கவிழ்த்துவிட்டார். உன் அறையைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டேன், உன் சாமான்களைக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன், கோபப்படாதே. நீ வந்தால் கூடத்தில் படுத்துக்கொள். டிக்கெட் எடுத்துக்கொண்டு இப்போதே ஓடி வராதே, நான் சொல்கிறேன், அப்போது வா. உன் பால்கனிப் பூந்தொட்டித் தட்டை இன்றைக்கே கொட்டித் தேய். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அறைச் சாவியைக் குட்டியிடம் கொடுத்தேன், உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு தூங்குகிறாள். அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை சில்லிடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா