யாரு யாருக்கு எழுதிக் குடுத்தாங்க?

மழை விட்டு வெயில் தலைகாட்டியதும் மேற்கு அறையைத் திறந்தேன். பூட்டிக் கிடந்த அறை, ஒட்டடை வாசம் அடிக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போனேன். வந்தது களிமண் வாசம். ஆணியில் நீ மாட்டிவிட்டுப் போன சட்டை அப்படியே தொங்குகிறது. பொம்மைக் கம்பெனியில் சேலைக்கு மேலே போட்டுக்கொள்வாயே, உன் வீட்டுக்காரரின் பழைய கோடு போட்ட சட்டை, அதுதான். தட்டினால் இன்னும் வெள்ளைத் தூசி பறக்கிறது. துவைக்கலாம் என்று எடுத்தேன். மனசு வராமல் மறுபடி ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

இன்றைக்கு அறையைத் திறந்ததற்கு மழை மட்டும் காரணமில்லை. நவராத்திரிக்குப் போகிற பொம்மைப் பெட்டிகளை அடுக்கி வைக்க வாடகைக்கு ஓர் அறை வேண்டும் என்று பொம்மை செய்கிற யூனிட்காரர் ஒருவர் சாயங்காலம் வருகிறார். உன் அண்ணன்தான் வரச் சொன்னாராம். காலையில் அதை மட்டும் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாடியில் ஓர் அறை சும்மா இருக்கிறது. கீழே இது இருக்கிறது. எதைக் காட்டப் போகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேலையும் ஓடவில்லை. கோபமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ப்ளஸ் டூ எழுதலாம் என்று ஆரம்பித்தவள் நீ. பத்தாவதோடு நிறுத்தப்பட்டு, கல்யாணம் ஆகி, ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாத்தனாரும் அண்ணியும் நாம். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் இரண்டு பாதியும் சேரும் ஒட்டுக்கோட்டைச் சுரண்டி வழவழப்பாக்குவது உன் வேலை. சுட்டு வந்ததற்குக் கண்ணும் மீசையும் எழுதுவது என் வேலை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாய்: "அண்ணி, பொம்மைக்கெல்லாம் கண்ணு தெறந்தது போதும். நாமளும் கொஞ்சம் தெறந்துக்கலாம். டுடோரியல்ல கேட்டுட்டு வந்துட்டேன்." எனக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாய்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மருந்துக் கடைக்கு மேலே, அந்தத் தகரக் கூரை டுடோரியல். வரலாற்று சார் நல்ல மனுஷன், ஆனால் முக்கால்வாசி இங்கிலீஷில் பேசுவார். பரீட்சைக்கு முந்தின திருப்புதல் வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றம், தண்டனை, குடியேற்றம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் நடத்தினார். இங்கிலாந்தில் சின்னத் திருட்டுக்குக்கூடக் கப்பலேற்றிக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பியது, அங்கே தண்டனைக் காலம் முடிந்தவர்களுக்கு நிலம் கொடுத்தது, அவர்கள் உள்ளே உள்ளே நகர்ந்து ஊர் அமைத்தது. அதற்கு அவர் போர்டில் எழுதிய தலைப்பு, 'ஃபிரான்டியர் செட்டில்மென்ட்'.

நீ கையைத் தூக்கினாய். "செட்டில்மென்ட்டு யாரு யாருக்கு எழுதிக் குடுத்தாங்க சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நம் பக்கத்தில் செட்டில்மென்ட் என்றால் ரிஜிஸ்தர் ஆபீஸில் அப்பா பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்தானே. குடியேற்றத்துக்கும் இங்கிலீஷில் அதே வார்த்தைதான் என்று உனக்கு எப்படித் தெரியும்? சாரும் சிரித்துவிட்டு, "பத்திரம்லாம் இல்லம்மா. யாரும் எழுதிக் குடுக்கல. காலியா கெடந்துச்சு, போயி குடியேறிட்டாங்க" என்றார்.

நீ உட்காரவில்லை. "காலியா இருக்குதுன்னு யாரு சார் போயி பாத்தாங்க?"

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்ததை, அவர்கள் வேட்டையாடிய காட்டை வேலி போட்டு அடைத்ததை, அந்த வேலிக்குள் இருந்த ஆட்டைப் பிடித்ததற்கு அவர்களையே திருடர்கள் என்று தண்டித்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அது நோட்ஸில் இல்லை. கீழே டீக்கடையில் போண்டா வாங்கும்போது நீ சொன்னாய்: "பாத்தீங்களா அண்ணி, திருடுனவனுக்கு அடுத்தவன் நெலத்தைத் தூக்கிக் குடுத்திருக்காங்க. நெலத்துக்காரன திருடனாக்கிட்டாங்க. இதுல எது குத்தம், எது தண்டனைன்னு நான் எப்படி எழுதறது?" போண்டா ஆறுகிறது, முதலில் சாப்பிடு என்றேன்.

அன்றிலிருந்துதான் இந்த அறையில் கோர்ட் ஆரம்பித்தது. வேலை முடிந்ததும் நேரே இங்கே வருவாய், உன் புகுந்த வீடு இருக்கும் கம்மாபுரத்துக்குக் கடைசி பஸ் வரைக்கும் படிப்போம். சூளையில் தும்பிக்கை உடைந்து கழித்துப் போட்ட யானையை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து ஜன்னல் மேடையில் வைத்தாய். அவர்தான் ஜட்ஜ் ஐயா. நான் மனப்பாடக்காரி, அதனால் அரசாங்க வக்கீல். வருஷம், சட்டம், அதிகாரி பெயர் எல்லாம் கடகடவென்று ஒப்பிப்பேன். நீ குற்றவாளிக் கூண்டில். ஒரு நாள் ரொட்டி திருடியவள், ஒரு நாள் வேலி தாண்டியவள். நம் நாட்டில் சில கூட்டத்தாரைப் பிறவியிலேயே குற்றவாளி என்று எழுதி வைத்த சட்டம் வந்தபோது மட்டும் நீ விளையாடவில்லை. "இதுக்கு நான் என்னான்னு நடிக்கறது அண்ணி? பொறந்தேன்னா?" என்று கேட்டு, ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். அன்றைக்கு உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது நினைத்தேன், இவளோடு ஒரே வீட்டில் பிறந்திருக்கலாமே என்று. இத்தனை நாள் உன்னிடம் சொன்னதில்லை.

அந்த சமயத்தில்தான் உன் அண்ணன் மாடி கட்டக் கிளம்பினார். பேங்க் லோனுக்கு வீடு முழுசாக அவர் பேரில் இருக்க வேண்டும். மாமனார் மாமியார் இருவரும் போனபிறகு இந்த வீட்டில் உனக்கும் சரிபாதி. அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். உனக்குக் காது குத்தும்போது உன்னைவிட அதிகமாக அழுதவர் என்று மாமியார் சொல்லுவார். ஆனால் உன்னைக் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பத்திரம் எழுதுபவரிடம் போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாம் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து, "பாப்பா, உன் பங்க எனக்கு செட்டில்மென்ட்டு பண்ணணும். வெள்ளிக்கெழம நல்ல நாளு, கையெழுத்து போட்டுட்டு போயிடு" என்றார். குரலில் துளி சந்தேகம் இல்லை. தண்ணீர் கொண்டு வா என்பது போலச் சொன்னார்.

நீ அந்தத் தாளை வாங்கி, நிதானமாக, சத்தமாகப் படித்தாய். 'தங்கள்பால் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, முழு மனச் சம்மதத்துடன்' என்ற இடத்தில் நிறுத்தினாய். கையெழுத்துப் போட்டால் பிறந்த வீட்டில் உனக்கு ஒன்றும் இல்லை. போடாவிட்டால் அண்ணன் இல்லை. நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் இதைப் பார்த்திருக்கிறோம்.

"அண்ணே, சம்மதம்னு எழுதியிருக்குது. என்னை எப்ப கேட்டீங்க?"

"உன்னை என்னாத்தக் கேக்கறது? நீ மாட்டேன்னா சொல்லப்போற?"

"சொல்லமாட்டேன். அதுக்காகக் கேக்காம இருப்பீங்களா? காலி எடம்னு நெனச்சிட்டீங்க அண்ணே. நான் உள்ளதான் இருக்கறேன்."

நீ குரலை உயர்த்தவே இல்லை. உன் அண்ணன் முகம் சுண்டிப்போனது. எதற்கோ என்னைப் பார்த்தார். நான் யானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நீ கிளம்பும் நேரம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நீ செருப்பை மாட்டும்போது தலையைக் குனிந்துகொண்டே, "குடுக்கறியா பாப்பா?" என்று கேட்டார். அந்த மனுஷர் அப்படிக் கேட்டு அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

"குடுக்கறேன் அண்ணே. மேக்கு ரூமு மட்டும் எனக்கு. கட்டி வாழ இல்ல. வந்தா இது என் வூடுன்னு உக்கார ஒரு எடம். அத விட்டுட்டு எழுதிக்குனு வாங்க, போடறேன்."

மேற்கு அறை போக மிச்சத்துக்கு வேறு தாள் வந்தது; பேங்க்கிலும் அது போதும் என்றார்கள். நல்ல நாள் தள்ளிப்போனது. ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, மூன்று பேரும் பாலக்கரை முக்கில் கரும்புச் சாறு குடித்தோம். உன் அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார். உனக்கு இஞ்சி பிடிக்காது என்று அவரே கடைக்காரரிடம் சொன்னார். உறவையும் விடாமல் உரிமையையும் விடாமல் நடந்துகொள்ள உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன். நானாக இருந்தால் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டிருப்பேன், இல்லையென்றால் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

பரீட்சையில் குடியேற்றம்தான் பெரிய கேள்வியாக வந்தது. நான் நோட்ஸில் இருந்ததை எழுதினேன். நீ முதல் வரியே 'அந்த நிலம் காலியாக இல்லை' என்று எழுதியதாகச் சொல்லி, பாஸ் போடுவார்களா என்று நகத்தைக் கடித்தாய். போட்டார்கள். வரலாற்றில் என்னைவிட உனக்குத்தான் மார்க் அதிகம். அஞ்சல் வழியில் கல்லூரிப் படிப்புக்குப் பணம் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்த மாதத்தில் உன் கண் மஞ்சளானது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உன் அண்ணன் உன் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. உன் காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரரை இந்த அறை பற்றிக் கேட்டபோது, "அவ ரூமு, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு எழுந்து போனேன். இப்போது விளக்கு வைத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

யூனிட்காரர் வந்தார். உன் அண்ணன் அவரை மாடிக்குத்தான் அழைத்துப் போனார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் யூனிட்காரர் இறங்கி வந்ததும், படி ஏறிப் பெட்டி தூக்குவது கஷ்டம் என்று இழுத்தார். நான் காலையில் திறந்த கதவைச் சாத்த மறந்திருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இதக் குடுத்துடுங்களேன். காலியாத்தான இருக்குது?" என்றார்.

உன் அண்ணன் கதவருகே போய் நின்றார். ஆணியில் இருந்த சட்டையை, ஜன்னலில் இருந்த யானையைப் பார்த்தார். பிறகு கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார்.

"காலி இல்லீங்க. எங்க பாப்பா ரூமு. அவளக் கேக்காம நான் குடுக்க முடியாது."