மயிலுக்குச் சாட்சி

மஸ்கட்

அன்பு புவனாவுக்கு, உன் தோள்வலி குறைந்ததா? நான் சுகம்.

நம் கடலையை மயில் கிளறித் தின்றதற்கு நஷ்டஈடு கேட்டு நீ காட்டிய போன் படத்தில், "மயில் எங்கம்மா இருக்கு?" என்று அதிகாரி கேட்டாராமே. கிட்டப் போனால் பறந்துவிடும். அதனால்தான் உனக்குத் தூரத்து ஜூம் உள்ள கேமரா வாங்கினேன். பெரியதில் இன்னும் தெளிவு. ஆனால் தூக்குச்சட்டியோடு நீதானே அதையும் சுமக்க வேண்டும்? எடை குறைந்ததையே எடுத்தேன். கடை வாசலிலிருந்து அதில் பார்த்தேன். எதிரே எங்கள் ரூம் மாடியில் காயும் என் சட்டையில் பொத்தான் அறுந்த இடம்கூடத் தெரிந்தது.

"எதப் படம் எடுக்கப்போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"விராலிமலை மயில்."

"கொடுத்து வச்சவரு நீங்க!"

சிரித்துக்கொண்டேன்.

ஊருக்கு வரும் அய்யாக்கண்ணு ஏர்போர்ட்டுக்கு அவசரப்படுத்துகிறான். கேமராவை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். மயில் பறந்த பிறகும் ஒரு படம் எடு, புவனா. வெறும் கடலைக்கொல்லை போதும் எனக்கு.

சந்தோஷ்குமார்