மூன்றரைக் குதிரையில் உன் தங்கை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1936 நவம்பர் 2

ரங்கூன் மரக் கம்பெனியில் வேலையாயிருக்கும் என் மகன் தேவநேசனுக்கு உன் அம்மா பரிபூரணம் எழுதுவது. நானும் உன் தங்கை கிருபாபாயும் கர்த்தர் தந்த சுகத்தில் குறைவில்லாமல் இருக்கிறோம், அதுபோல நீயும் மருமகள் அருள்செல்வியும் பேரன் கிறிஸ்துராஜும் கடல் கடந்த ஊரில் காய்ச்சல் இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் உங்கள் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். இங்கே ஐப்பசி மழைக்குக் குறைவில்லை, பெரியகுளம் நிரம்பி மறுகால் பாய்கிறது, கொல்லைச் சுவர் ஒரு பக்கம் இடிந்து விழுந்து அதையும் கட்டியாயிற்று, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நீ கோபமாக எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன், ஆனால் ஒரு எழுத்தையும் விடவில்லை. தங்கை மோட்டார் சைக்கிள் ஓட்டுவதாக ராஜரத்தினம் மாமா எழுதியிருக்கிறார், அதை விற்றால்தான் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுப்படி மிதிப்பேன், இல்லாவிட்டால் எனக்குத் தாயும் இல்லை தங்கையும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்தது என்ன என்று என் வாயாலேயே கேட்டுக்கொள்.

மாசி மாதம் நம் வண்டியில் வலப்பக்கம் பூட்டுகிற வலத்தை மாடு கால் ஒடிந்து போனதும், புது ஜோடி தேடுவதா வேறு ஏதாவது பார்ப்பதா என்று பேச்சு வந்தது உனக்குத் தெரியும். கிருபாபாய் பிரசவம் பார்க்கிற நர்ஸ். அவளை வன்னியம்பட்டியிலும் கூப்பிடுவார்கள், தேவதானத்திலும் கூப்பிடுவார்கள். வலி வந்தவள் வீட்டுக்கு மாட்டு வண்டி போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்து பேரும் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் குழி வெட்டியிருப்பார்கள். பஸ் என்று ஒன்று ஓடுகிறது, அது பெரிய ரோட்டை விட்டு இறங்காது. ஆகையால் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதன் பக்கத்தில் சைடு கார் என்கிற தொட்டியை மாட்டி, சைக்கிள் கடை ஐயாதுரையை ஓட்டச் சொல்லி, இவள் தொட்டியில் உட்கார்ந்து போய் வருவது என்றுதான் அப்போது முடிவு. நீயும் சரி என்றுதான் எழுதினாய். வாங்குவதானால் ரங்கூனில் துரைமார் வைத்திருக்கிற மாதிரி இரட்டை சிலிண்டர் போட்ட பெரிய வண்டியாக வாங்குங்கள், அதுதான் குடும்பத்துக்குக் கௌரவம் என்று யோசனையும் சொன்னாய். கௌரவத்துக்காக வண்டி வாங்குகிறவன் ராஜரத்தினம், நானல்ல. ஊரெல்லாம் அவனை மரியாதையாக அவிய இவிய என்று சொல்லட்டும், நான் அவன் என்றுதான் எழுதுவேன்.

மாடு வாங்கத் தெரிந்தவளுக்கு மோட்டாரும் வாங்கத் தெரியும். முதலில் ஐயாதுரை கடையில் ஒரு சின்ன வண்டி கிடந்தது, நோஞ்சான் கன்றுக்குட்டி மாதிரி, சங்கிலிக்குப் பதிலாகத் தோல் வாரில் ஓடுவது. ராஜபாளையத்தில் ராஜுக்கள் தெரு வழியாக அதை ஓட்டிக் காட்டினான். ஒரு வீட்டு வாசலில் படுத்திருந்த வெள்ளை நாய் எழுந்து துரத்தி, வண்டியை முந்திப் போய், நின்று திரும்பிப் பார்த்தது. அந்த வீட்டு அம்மாள் சிரித்துக்கொண்டே, வண்டிய விட்டுட்டு எங்க நாய வாங்கிட்டுப் போங்கம்மா, தீனியும் கம்மி என்றாள். அதில் தொட்டியை மாட்டினால் மேடு ஏறாது, மழையில் வார் நனைந்தால் வழுக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்தது, மலைமேல் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குப் போகையில் விற்றுவிட்டுப் போன பெரிய வண்டி, நீ சொன்ன ஜாதிதான். கோயில் யானை மாதிரி நின்றது, பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஐயாதுரை அதைத் திருப்புவதற்குள் கைமீறிச் சாய்ந்துவிட்டது, சாய்ந்ததைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நடுக்காட்டில் சாய்ந்தால் நாலு பேருக்கு எங்கே போவது, நீ ரங்கூனிலிருந்து வருவாயா. பெட்ரோலும் குடம் குடமாகக் குடிக்குமாம்.

ரோட்டு ஓவர்சியர் ஒருவர் மாற்றலாகிப் போகிறபோது கொடுத்த வண்டியைத்தான் நாங்கள் எடுத்தோம். மூன்றரைக் குதிரைச் சக்தி, ஒற்றைச் சிலிண்டர், பெரிசுமில்லை சிறிசுமில்லை. இருக்கைக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் ஸ்பிரிங் இருக்கிறது. குனிந்து கிடக்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முதுகு நிமிர்ந்து போகலாம். தொட்டிக்கும் வில்வண்டிக்கு இருப்பது போல வில் உண்டு, இடுப்பு எலும்பு தேய்ந்த நான் அதில் ராஜபாளையம் போய்த் திரும்பி வந்து இறங்கி நேரே அடுப்பு மூட்டினேன் என்றால் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரிப் பெட்டியை வைக்கலாம், நிறைமாதக்காரியைச் சாய்த்து உட்கார வைக்கலாம், களத்திலிருந்து நெல் மூட்டையும் ஏற்றலாம். தொட்டி வேண்டாம் என்றால் போல்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வண்டித்தடம் இல்லாத பாதையிலும் ஒற்றை ஆளாகப் போகலாம். ஓடுகிற சத்தமும் பதறாமல் உரலில் நெல் குத்துகிற மாதிரி சீராக இருக்கும்.

ஆனாலும் பாரம் கட்டி ஆற்று மணலில் இழுக்க விட்டுப் பார்க்காமல் நம் வீட்டில் யாரும் மாட்டுக்கு முன்பணம் கொடுத்ததில்லை, வண்டிக்கும் அதே பரீட்சைதான் என்றேன். ஆவணியில் ஆறு வறண்டு கிடந்தது, தேவதானத்துக்குப் போகிற வழியில் மணலில் இறக்கினோம். ஐயாதுரை ஓட்ட, கிருபாபாய் பின்னால், நான் தொட்டியில், என் காலடியில் ஒரு மூட்டை கேப்பை. பாதி ஆறு ஜோராகத்தான் போனான். நடு மணலுக்கு வந்ததும், மாட்டுக்கு மூச்சு வாங்க விடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு இருக்கிறதே, அந்தப் புத்தியில் நிறுத்திவிட்டான். செத்த நேரம் எளைப்பாறட்டும் ஆச்சி, எஞ்சினு கொதிக்குது என்றான். நானும் தலையாட்டினேன், மாடு என்றால் அதுதானே முறை. திரும்ப முடுக்கினால் சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை, கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி மணலை வாரி இறைத்து அச்சு வரை உள்ளே இறங்கிவிட்டது. கரையில் களையெடுத்த சனமெல்லாம் ஓடிவந்து சுற்றி நின்றது. மாட்டப் பூட்டி இழுங்க என்றான் ஒருவன், வாங்குத அன்னைக்கே கருமாதியா என்றாள் ஒருத்தி. அந்த நேரம் பார்த்துத்தான் ராஜரத்தினத்தின் வில்வண்டி பின்னால் வந்து நின்றது, அவனுக்குத் தேவதானத்தில் வயல் இருக்கிறதே.

கிருபாபாய் பின் இருக்கையிலிருந்து இறங்கினாள். வருஷக்கணக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவள், அவளுக்கு மணலின் குணம் தெரியும். ஓட்டிப் பார்க்கட்டும் என்று ஓவர்சியர் விட்டுவைத்திருந்த நாட்களில், வற்றிக் கிடந்த வன்னியம்பட்டிக் கண்மாயில் இந்த வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பழகியும் இருந்தாள். ஐயாதுரையை இறங்கச் சொன்னாள். பின் சக்கரத்துக் காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டாள், சக்கரத்துக்கு முன்னால் பனையோலை போடச் சொன்னாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் இறங்கவா என்று கேட்டேன். நீ அசையாம இரும்மா, பாரம் இல்லாட்டித் தொட்டி தூக்கிரும் என்றாள். ராஜரத்தினம் வண்டியில் இருந்தபடியே, ஏட்டி பரிபூரணம், பொட்டப்பிள்ளைய ஆம்பள வண்டியில ஏத்திவிட்டு நீ தொட்டியில சப்பணங்கொட்டி உக்காந்திருக்கியே, வெக்கமா இல்லையா என்றான். ஒங்க வண்டி அன்னைக்கு நின்னுச்சு அண்ணாச்சி, அதனாலதான் எம் மக இன்னைக்கு ஓட்டுதா என்றேன். சுற்றி நின்ற சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவனுக்கு விளங்கியது. அதற்குள் அவள் கிக்கரை உதைத்துவிட்டாள். இந்த வண்டி தொட்டிப் பக்கமே இழுக்கும், கைப்பிடியை எதிர்ப் பக்கம் அழுத்திப் பிடிக்க வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது. மறுகரை மேடு ஏறித்தான் நிறுத்தினாள். ஐயாதுரை மணலில் ஓடிவந்து, ஓவர்சியர் ஐயாட்ட என்ன சொல்ல ஆச்சி என்று கேட்டான். வண்டி நம்மளுதுன்னு சொல்லு, ஓட்ட ஆளும் கெடச்சாச்சுன்னு சொல்லு என்றேன். அவனுக்கும் கோபமில்லை, சேலை சங்கிலியில் மாட்டாமல் இருக்கத் தகரத்தில் மூடி அடித்துக் கொடுத்தான். சேலைக்குள்ளே போட்டுக்கொள்ளக் காக்கித் துணியில் கால்சட்டை தைத்துக் கொடுத்தது நான். இது ராஜரத்தினத்துக்குத் தெரியாது, நீ வேண்டுமானால் எழுதித் தெரியப்படுத்து.

உனக்கு அந்த வில்வண்டி மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கு மறக்கவில்லை. நாம் தேவதானத்தில் குடியிருந்த காலம், நமக்குச் சொந்த வண்டி கிடையாது. உன் அக்காள் ஏசம்மாள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், பிள்ளை குறுக்கே கிடந்தது. அத்தியட்சரான பிஷப் ஐயா சபைப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஜெபம் கொடுக்க வருகிற வாரம் அது, ஊர் எல்லையிலிருந்து அவரை அழைத்துவர ராஜரத்தினத்தின் வண்டிதான் என்று ஏற்பாடு. புது வர்ணம் அடித்து, மெத்தைக்கு வெள்ளை உறை மாட்டி, வாசலில் நின்றது. நான் தலைவிரிகோலமாகப் போய் நின்றேன். அத்தியட்சர் ஐயா உக்கார்ற வண்டி, ரத்தம் பட்டா கறை போவாது பரிபூரணம், வேற எடம் பாரு என்றான். கதவைச் சாத்திக்கொண்டு சொல்லவில்லை, வெற்றிலை மென்றுகொண்டு முகத்தைப் பார்த்துச் சொன்னான். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கட்டிலின் ஒரு காலை நீ தோளில் தாங்கினாய், உனக்கு மீசை அரும்பாத வயசு. ராஜபாளையத்து மரங்கள் கண்ணுக்குத் தெரிகிறபோது ஏசம்மாள் என் கையைப் பிடித்து, செத்த எறக்கி வைக்கச் சொல்லும்மா, தம்பிக்குத் தோள் வலிக்கும் என்றாள். அதற்குப் பொறவு அவள் பேசவில்லை. அந்தத் தோளை மேஜைமேல் சாய்த்துக்கொண்டுதான் இப்போது நீ, பொட்டப்பிள்ளை மோட்டார் ஏறினால் குடும்ப மானம் போகும் என்று எழுதுகிறாய். நீ எழுதின சொல் எல்லாம் அவன் சொல், எனக்குத் தெரியாதா.

போன மாதம் சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் செல்லத்தாய் என்ற பெண்ணுக்குப் பிள்ளை கால் முதலில் வந்து தவிக்கிறாள் என்று ஆள் ஓடிவந்தான். கிருபாபாய் போய் அவளைத் தொட்டியில் சாய்த்து உட்கார வைத்து, பள்ளம் மேடு பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தொட்டியெல்லாம் ரத்தம். கிணற்றடியில் நிறுத்தி நான்தான் கழுவினேன். இரண்டு வாளித் தண்ணீரில் கறை போய்விட்டது. அம்புட்டுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியைக் கோயில் வளாகத்தில் ராஜரத்தினம் வண்டி நிற்கிற வேப்பமர நிழலில் அவனுக்கு முன்னாலேயே போய் நிறுத்தச் சொன்னேன். எண்ணெய் ஒழுகுகிறது, சத்தம் போடுகிறது, சபைப் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று கமிட்டியில் பேசினானாம். போதகர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். வேதத்தில் எந்தெந்தப் பெண் எதிலெதில் ஏறிப் போனாள் என்று எனக்கும் தெரியும் ஐயா, எண்ணெய் ஒழுகினால் நான் துடைக்கிறேன், அவர் மாடு போடுகிற சாணியை யார் அள்ளுகிறார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார். இனி இவளை யார் கட்டுவான் என்று கேட்டிருக்கிறாய். கட்டுகிறவன் தொட்டியில் உட்காரத் தயாராக வரட்டும்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். வண்டியை விற்கமாட்டேன். இதை விற்றுவிட்டுத் திரும்ப மாடு பூட்டலாம் என்று எழுதினாய், அதற்கும் வழியில்லை, உன் அப்பா பின்னாளில் வாங்கின மாட்டு வண்டியையும் மிஞ்சின ஒற்றை மாட்டையும் போன வாரம் விற்றாயிற்று. ஒரு மகளை மண்ணுக்குக் கொடுத்தவள் நான், மகனைக் கோபத்துக்குக் கொடுப்பது எனக்கு லேசான காரியம் இல்லை. நீ வராவிட்டால் அழுவேன். அழுதுகொண்டே அவள் வண்டியைத் துடைப்பேன். வருவதானால் எந்த ரயிலில் வருகிறாய் என்று முன்னதாக எழுது, ஸ்டேஷனுக்குக் கிருபாபாய் வருவாள். மருமகளும் பேரனும் தொட்டியில் உட்காரட்டும், நீ பின்னால் ஏறித் தங்கையின் தோளைப் பிடித்துக்கொள். அது அவமானம் என்று தோன்றினால் ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி நிற்கும், வண்டிக்காரன் சொன்ன இடத்தில் கொண்டுபோய் விடுவான், ராஜரத்தினம் வீட்டிலும் விடுவான்.

பேரனுக்குச் சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்க்கச் சொல், மருமகளை மழையில் நனைய விடாதே, நீ இருமினால் சுக்குக் கஷாயம் குடி, அந்த ஊர்ச் சுருட்டைத் தொடாதே. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காத்து, உனக்கு நீண்ட ஆயுசும் நிதானமும் தருவாராக.

ஒன்றை மறந்துவிடாதே. இங்கே நல்ல டியூப் கிடைப்பதில்லை, ரங்கூன் கடைகளில் கிடைக்கும் என்று ஐயாதுரை சொல்கிறான். பின் சக்கரத்துக்கு இரண்டு வாங்கி வா, அளவு இருபத்தாறுக்கு மூன்றேகால், மாற்றி வாங்கிவிடாதே. நீ வராவிட்டாலும் பார்சலில் அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
பரிபூரணம்