அவசரத்துக்குச் சொன்ன பேர்

சிம்பாங் பூலாய்,
28-9-1978

என் நல்லம்மாளுக்கு,

மங்களம் எழுதுகிறேன். முழங்கால் வலியும் வாய்க்கொழுப்பும் கொஞ்சமும் குறையாமல் இங்கே இருக்கிறேன். துறையூரில் நீயும் பிள்ளைகளும் சுகமா? போன கடிதம் உன் மகன் கையெழுத்தில் வந்தது. உனக்குக் கை நடுங்குகிறது, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தான். தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் கங்காணியையே நடுங்கவைத்த கை அது. சீக்கிரம் தேற்றிக்கொள்.

முதலில் நீ சிரிக்க ஒரு செய்தி. நானும், நீ வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரரும் பினாங்கு போய் வந்தோம், இரண்டு பேர் மட்டும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சோடியாகப் போன தூர இடம் பத்து காஜா ஆஸ்பத்திரிதான், அதுவும் பிரசவத்துக்கு. தாப்பாவில் டீச்சராக இருக்கும் என் மகள் நவமணிதான், ஒரு தடவையாச்சும் மனுசங்க மாதிரி எங்கயாவது போயிட்டு வாங்கம்மா என்று ஹோட்டலுக்கு ஏற்பாடு செய்து, ஈப்போவுக்கு வந்து பஸ்ஸிலும் ஏற்றிவிட்டாள். நாங்கள் பாதியில் இறங்கித் திரும்பிவிடுவோம் என்று சந்தேகம் அவளுக்கு.

போய் இறங்கியதிலிருந்து மழை. கொடிமலை பார்க்கவில்லை, பாம்புக் கோயில் பார்க்கவில்லை. ஹோட்டல் ஜன்னலையும் எதிரே இருந்த தையல் கடையையும்தான் பார்த்தோம். ஹோட்டல் கவுண்டரில் இருந்த சீனப் பெண் புருஷன் பேர் என்ன என்று கேட்டாள். அவர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எப்படிச் சொல்வேன்? வாயைத் திறக்காமல் நின்றேன். இந்த அம்மா யாரையோ இழுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, ஏற இறங்கப் பார்த்தாள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடவா முடியும்?

இன்னொரு குடை வாங்க உன் அண்ணனுக்கு மனசு வரவில்லை. அந்தக் கஞ்சத்தனம் வாழ்க. ஒரே குடையில் நடந்தோம். என் அகலம் உனக்குத் தெரியும். நான் குடைக்குள் போனபின் அவருக்கு ஒரு காதும் பாதித் தோளும்தான் மிச்சம். நனைந்துகொண்டே என் பக்கத்தில் வந்தார். பக்கத்தில், நல்லம்மா. வழக்கம்போல முன்னால் அல்ல.

கிளம்புகிற அன்று, உன்னைக் கப்பலேற்றிவிட்ட துறையைப் பார்க்கவேண்டும் என்றேன். மழையில் அங்க என்ன இருக்கு என்று முனகினார், ஆனால் வந்தார். குடியுரிமை கிடைக்காத சிவப்புக் கார்டுக்காரர்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு நின்ற அந்த இடத்தில் இப்போது ஒருவருமில்லை. நீ எந்த இடத்தில் நின்று கையை ஆட்டினாய் என்று பார்த்துக்கொண்டே போனேன். ஈரப் பலகையில் கால் வழுக்கிவிட்டது. கீழே கடல். உன் அண்ணன் குடையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். இழுக்கும்போது, மங்களம் என்று கத்தினார்.

அந்தப் பேரை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்தா, ஏய், நவமணி அம்மா, இவ்வளவுதான் இதுவரைக்கும் எனக்குக் கிடைத்த பட்டங்கள். மற்றவர்களுக்கு நான் அக்கா, மதினி, கேன்டீன்காரம்மா. நீ கப்பலேறிய பிறகு இந்த நாட்டில் என் பேரை யாரும் எடுத்துப் புழங்கவில்லை. அடையாளக் கார்டில்தான் சும்மா கிடந்தது. அன்று பஸ்ஸில் ஏறிய பிறகும் அவர் என் கையை விடவில்லை. நானும் புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுத் தொலைத்தேன்.

இனிதான் நீ பல்லைக் கடிக்கவேண்டிய இடம். சிம்பாங் பூலாயில் இறங்கினோம். இங்கேயும் கொட்டுகிறது. எதிர்க் கடை வாசலில் இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். ஒன்று என் நாத்தனார் இருளாயி. மற்றது கோயில் செயலாளர் ராமையா. உன் அண்ணன்தான் இப்போது எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலுக்குத் தலைவர், சொன்னேன் இல்லையா. அவர்களைக் கண்டதும் சுடுசட்டியைத் தொட்டவர் மாதிரி என் கையை உதறினார். குடையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல், ஏய், பையப் பாத்துத் தூக்கி வா என்றார். இரண்டு பைகளோடு முழுக்க நனைந்தேன். அதில் ஒரு பையில் இருளாயிக்கென்று வாங்கிய ஜாதிக்காய் ஊறுகாய்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பினாங்கில் கூப்பிட்டீர்களே, அதே மாதிரி இங்கே நாலு பேர் முன்னால் ஒரு தடவை கூப்பிடுங்கள் என்றேன். அது அவசரத்துக்குச் சொன்னது லா, ஆளுங்க இருக்கிற எடத்துல பொண்டாட்டி பேரச் சொல்லிக்கிட்டு நிக்க முடியுமா என்றார். துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் அவர் கல்லுமலைக்கு லோரி ஓட்டப் போனார், நான் பள்ளிக்கூடக் கேன்டீனுக்குப் போனேன். எல்லாம் பழையபடி. நனைந்த சேலை காய்ந்துவிட்டது, நான் இன்னும் காயவில்லை. ஏய் என்றால் திரும்புவதில்லை. நேற்று இருளாயி, என்ன மதினி, பினாங்கு மழ காதுக்குள்ள பூந்துருச்சா என்றாள். ஆமாம், மூளைக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன்.

அவசரம் என்றால்தான் பேர் வருமாம். சரி, அவசரத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். நவராத்திரி முடிவில் கோயிலில் அன்னதானம். சமையல் பொறுப்பு என்னுடையது. சமையல்கட்டுச் சாவி என் இடுப்பில். மற்றது அடுத்த கடிதத்தில். அதுவரைக்கும் உன் கைக்கு வேப்பெண்ணெய் தடவு.

அன்புடன்,
நனைந்த மங்களம்


சிம்பாங் பூலாய்,
15-10-1978

நல்லம்மா,

என் கடிதத்துக்குப் பதில் வருமுன்பே இதை எழுதுகிறேன். உன் மகனிடமிருந்தும் ஒன்றும் காணோம். தபால் தாமதம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். செய்தியைக் கேள்.

அன்னதானத்தன்று சோறு, சாம்பார், பாயாசம் எல்லாம் நேரத்துக்கு ஆக்கி முடித்தேன். ஆக்கின சோற்றில் குறை வைக்கிற பாவம் எனக்கு வேண்டாம். பிறகு எல்லோரையும் தீபாராதனை பார்க்க அனுப்பிவிட்டுச் சமையல்கட்டைப் பூட்டினேன். உன் அண்ணனின் குடை மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, எதிரே ஆ லிம் கடையில் போய் உட்கார்ந்து பால் இல்லாமல் ஒரு கோப்பி ஓ சொன்னேன்.

சாமிக்குப் படையல் எடுக்க வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள். இங்கே அங்கே தேடினார்கள். இருளாயி வாழைமரத்துக்குப் பின்னாலெல்லாம் போய்ப் பார்த்தாள். அங்கே என்னை எப்படி ஒளித்துவைக்க முடியும் என்று அவள் யோசிக்கவில்லை. கடைசியில் ராமையா தலைவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

முதலில், சமையல் பொறுப்பில் உள்ளவர் உடனே வரவும் என்று வந்தது. நான் கோப்பியை ஆற்றினேன். அடுத்தது, நவமணி அம்மா எங்கிருந்தாலும் வரவும். ஒரு மிடறு குடித்தேன். பிறகு, தலைவர் வீட்டிலிருந்து வந்தவங்கள யாராச்சும் பாத்தீங்களா என்று கேட்டார். வீட்டிலிருந்து வந்தவள் ஏதோ பக்கத்து ஊர்க்காரி மாதிரி. சனங்கள் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. பந்தலில் ஒருவர், தலைவரே, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க லா, வயிறு காயுது என்றது எனக்கே கேட்டது. இருளாயி, அண்ணே வேணாம் என்றாள். அதுவும் மைக்கில் விழுந்தது.

மைக் கரகரத்தது. பிறகு வந்தது. மங்களம்.

ஒரு தடவைதான் சொல்வார் என்று நினைத்தேன். மங்களம், எங்க இருக்க, வா என்று மறுபடியும் சொன்னார். நல்லம்மா, அது கோபக் குரல் இல்லை. அந்த ஈரப் பலகையில் கேட்ட அதே குரல். நான் எங்கேயோ வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். ஆ லிம் என்னைப் பார்த்து, அக்கா, உங்க ஆளு கூப்பிடுது லா என்றான். தெரியும், இன்னும் கோப்பி இருக்கு என்றேன். ஆனால் மிச்சத்தைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

குடையை விரித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். அவர் மழையிலேயே வாசலுக்கு ஓடிவந்து நின்றார். வேட்டி, பட்டுத்துண்டு எல்லாம் நனைந்து, திருநீறு கரைகிறது. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார் என்று பிறகுதான் புரிந்தது. எனக்கு மனசு இளகியது. இருந்தாலும் இரண்டு பையும் ஜாதிக்காய் ஊறுகாயும் ஞாபகம் வந்தன. இளகின மனசை இறுக்கிக்கொண்டு பூட்டைத் திறந்தேன். சமையல்கட்டுக்கும் பந்தலுக்கும் நடுவில் திறந்த வெளி. சோற்று அண்டாவைத் தலைவரே ஒரு பக்கம் பிடித்தார், ராமையா மறுபக்கம். நான் குடையோடு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்காமல், அண்டாவப் பாத்துத் தூக்கி வாங்க என்றேன். பந்தலே சிரித்தது. ராமையா சிரித்த சிரிப்பில் அண்டா ஒரு பக்கம் சாய்ந்தது. இருளாயி மட்டும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதை இனாமாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது தாமானில் எனக்கு மைக் மங்களம் என்று பேர். உன் அண்ணனுக்குச் சளி. கட்டிலில் படுத்துக்கொண்டு பழி தீர்க்கிறார். மங்களம், சுடுதண்ணி. மங்களம், தைலம். மங்களம், அந்த ஜன்னலச் சாத்து. இருபத்தைந்து வருஷப் பாக்கியையும் ஒரே வாரத்தில் கொடுத்துத் தீர்த்துவிடுவார் போல. பழைய ஏய்க்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததை அவரிடம் சொல்லவில்லை. நான் மட்டும் அவர் பேரைச் சொல்வேனா என்று நீ கேட்பாய். மாட்டேன். நியாயம் எல்லாம் அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பதிலை உன் மகனிடம் சொல்லி எழுதவைக்காதே. நல்ல பிள்ளை, முத்து முத்தாக எழுதுகிறான், ஆனால் அன்புள்ள பெரியம்மாவுக்கு என்றுதான் ஆரம்பிப்பான். உன் கை நடுங்கினால் நடுங்கட்டும். எழுத்து கோடு தாண்டிப் போகட்டும். செய்தி ஒன்றும் வேண்டாம், பக்கத்தை நிரப்பவும் வேண்டாம். ஏ மங்களம் என்று மட்டும் எழுதித் தபாலில் போடு. அந்தப் பேரை முதலில் புழங்கியவள் நீ. இது அவசரம் என்று வைத்துக்கொள்.

மாரியாத்தா உன் கையை எனக்காக விட்டுவைக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் மங்களம்